சங்கு தெரிஞ்சாதான் குதிக்கலாம்! - ஆலந்தலைப் புறவாசல் குளத்தில் நான்கு நாள்

அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, புறவாசலில் யாராவது நீச்சல் குளம் கட்டுவார்களா?

தோழி முதன்முதலில் சொன்னபோது நானும் சிரித்தேன். பத்திரிகைத் துறை டிப்ளமோ படித்தபோது எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி. சொந்த ஊர் ஆலந்தலை. "எங்க வீட்டுல ஸ்விம்மிங் பூல் இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "பெரிசா நினைச்சுக்காதீங்க. தொட்டிதான். வருஷத்துக்கு ரெண்டு, மூணு மாசம்தான் திறந்திருக்கும். திறக்கிறதுக்கே நாலு நாள் ஆகும்" என்றாள்.

இந்த ஏப்ரலில் கோடை விடுமுறைப் பயணக் கட்டுரைக்காகத் திருச்செந்தூர் போகவேண்டி வந்தது. "நாளைக்குத் தொட்டி திறக்கிறாங்க. வர்றியா?" என்று அவளிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி. இரண்டு நாள் வேலையை நான்கு நாளாக நீட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது.

கோயிலுக்கும் ராக்கெட் தளத்துக்கும் நடுவே

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் போனால் ஆலந்தலை. வடக்கே முருகன் கோயில் கோபுரம். தெற்கே உடன்குடி அனல்மின் திட்டத்துக்கான கட்டுமானங்கள். அதையும் தாண்டினால் குலசேகரன்பட்டினம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டப்பட்ட ஊர்.

இவ்வளவு பெரிய பெயர்களுக்கு நடுவே ஆலந்தலை அமைதியாக இருக்கிறது. திரு இருதய ஆண்டவர் ஆலயம், மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள், வாசலில் வலை பின்னுகிற கைகள். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கால்நடையாகச் சுற்றிய கரை இது. இங்கே பலருடைய முன்னோர்கள் முத்தும் சங்கும் குளித்தவர்கள். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961-ல். இடுப்பில் கயிறு கட்டி, காலில் கல் கட்டி, ஒரே மூச்சில் ஆழத்துக்குப் போய் சிப்பி அள்ளிவந்த தொழில். மேலே படகில் கயிறு பிடிப்பவர் மச்சினனாக இருப்பார் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் கயிற்றை விடமாட்டாராம்!

அப்படிப்பட்ட ஊரில் என் தோழி, இருபத்திரண்டு வயதில்தான் நீச்சல் கற்றுக்கொண்டாள். அதுவும் கடலில் இல்லை, இந்தத் தொட்டியில்.

முதல் நாள்: மூடியைத் திறந்தோம்

தோழியின் அப்பா கப்பலுக்குப் போய்த் திரும்பியவர். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். நான் போய் இறங்கியபோது ஒரு நீளக் குச்சியால் தார்ப்பாய் ஓரங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வா மக்கா. கிட்ட வராத. மொதல்ல பாம்பு, தேளு, நட்டுவாக்காலி எல்லாத்துக்கும் நோட்டீஸ் குடுக்கணும்."

தொட்டி இருபது அடி நீளம், பத்து அடி அகலம், நாலடி ஆழம். சுற்றிலும் இடுப்புக்கு மேலே வருகிற கம்பி வேலி. அதில் பழைய நைலான் வலையைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கதவுக்குப் பூட்டு. சாவி ஆச்சியின் இடுப்பில். "நான் தூங்குறப்ப மட்டுந்தான் இது கழறும். அப்பவும் தலகாணிக்கு அடியிலதான்" என்றார் ஆச்சி.

தார்ப்பாயின் நடுவே பள்ளம் விழுந்து, பங்குனியில் பெய்த கோடை மழை தேங்கியிருந்தது. அதில் கொசுப்புழு நெளிந்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்தத் தண்ணீரை முதலில் வாளியில் மொண்டு மணலில் கொட்டினோம். மூடியை இழுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால், அந்த அழுக்கு முழுக்கத் தொட்டிக்குள் போய்விடும்.

பிறகு நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தார்ப்பாயை உருட்டினோம். உள்ளே கரும்பச்சையில் தண்ணீர். அடித்தளம் தெரியவில்லை. வேப்பிலை, பனையோலைச் சிம்பு, செத்துப்போன தவளை ஒன்று.

"இதை அப்படியே வெளிய இறைச்சிட்டு, புதுத் தண்ணி விட்டுட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடாதா?" என்று கேட்டேன். நகரத்துப் பிள்ளையின் கேள்வி.

அவர் என்னைப் பார்த்தார். "மக்கா, தண்ணிய மாத்துறதுக்கு ரூவா இருந்தாப் போதும். தேத்துறதுக்குத்தான் பொறுமை வேணும்."

22,600 லிட்டர் என்றால்...

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். தொட்டி 800 கன அடி. ஏறக்குறைய 22,600 லிட்டர். கிராமப்புற வீடுகளுக்குக் குழாய்க் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். அப்படியானால் இந்தத் தொட்டியில் இருப்பது ஒரு குடும்பத்தின் நூறு நாள் தண்ணீர்!

"சித்திரை வெயில்ல தெருவுல குடம் வரிசையா நிக்கும். அப்ப நம்ம வீட்டு முன்னால லாரித் தண்ணி வந்து நின்னா, நமக்குச் சோறு எப்படித் தொண்டையில எறங்கும்?" என்றார் தோழியின் அம்மா. தொட்டி கட்டும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். குடிதண்ணீரில் கை வைக்கக் கூடாது. நிலத்தடித் தண்ணீரிலும் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனைக்குக் காரணம் உண்டு. கடலோர மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேலே ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் போட்டு மேலே ஓரடியைக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு நாற்பதடி மேலே வரும். ஒரு வீட்டின் ஆழ்துளைக் கிணறு ஆசைப்பட்டால் பக்கத்து நான்கு வீட்டுக் கிணறும் கரிக்கத் தொடங்கும்.

அப்படியானால் தொட்டிக்குத் தண்ணீர்? மாடியில் விழும் மழை. 800 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 740 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 30 சென்டிமீட்டர் சேர்ந்தால் தொட்டி நிறைந்துவிடும். மணலும் கூழாங்கல்லும் போட்ட ஒரு டிரம் வழியாக வடித்து உள்ளே விடுகிறார்கள். நிறைந்ததும் மூடிவிடுகிறார்கள். ஒருமுறை பிடித்த தண்ணீரை இரண்டு, மூன்று வருடம்கூட வைத்துக்கொள்கிறார்கள். ஆவியாகிப் போவதை மட்டும் அடுத்த மழை ஈடுகட்டும்.

ஒரே ஒருமுறைதான் முழுவதையும் கொட்டவேண்டி வந்ததாம். 2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டமே மறக்காத மழை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! இங்கே ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். "சாக்கடையும் சகதியும் தொட்டிக்குள்ள வந்துட்டு. அந்தத் தண்ணிய எந்த மருந்து போட்டும் தேத்த முடியாது. அதைக் கொட்டத்தான் வேணும்" என்றார் அப்பா. எதைத் தேற்றலாம், எதைத் தேற்ற முடியாது என்று தெரிந்துகொள்வதும் இந்த வேலையில் ஒரு பாடம்.

மருந்து போடுகிற நேரம்

சாயங்காலம் வலைத் துண்டு கட்டிய குச்சியால் இலைதழைகளை அரித்து எடுத்தோம். குப்பை இருக்கும்போது குளோரின் போட்டால், மருந்து முழுக்கக் குப்பையைத் தின்னவே செலவாகிவிடும்.

அடுத்து, சோதனைப் பெட்டி. கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பி.ஹெச். 7.2 முதல் 7.8 வரை இருக்கவேண்டும் என்பது பொதுவான அளவு. நமக்கு வந்தது 7-க்கும் கீழே.

"மழைத் தண்ணிக்குப் பிடிப்பு கிடையாது மக்கா. யாரு இழுத்தாலும் அந்தப் பக்கம் சாஞ்சிரும்" என்றபடி சமையல் சோடாவை எடுத்தார். ஆப்ப மாவுக்குப் போடுகிற அதே சோடா. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வாளித் தண்ணீரில் கரைத்து, தொட்டியைச் சுற்றி நடந்தபடியே ஊற்றினார்.

பி.ஹெச். ஏன் இவ்வளவு முக்கியம்? கிருமியைக் கொல்கிற வலுவான குளோரின், பி.ஹெச். 7.5-ல் பாதிக்குப் பாதி இருக்கும். அதுவே 8-க்குப் போனால் கால் பங்குதான் மிஞ்சும். அதாவது, அளவைப் பார்க்காமல் மருந்தை அள்ளிக் கொட்டினால் காசுதான் கரையும்.

பொழுது சாய்ந்த பிறகே பிளீச்சிங் பவுடரைத் தொட்டார். வெயில் சில மணி நேரத்தில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால்தான் இந்த ராத்திரி வேலை. முகக்கவசம், கையுறை, கண்ணாடி. முக்கால் கிலோ பவுடர். முதல் நாள் வைத்தியம் என்பதால் ஒரு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் குளோரின் வருகிற கணக்கு. வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பவுடர். மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றினார். மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனோம்.

ராத்திரி மோட்டார் சத்தமும் கடல் சத்தமும் மாறிமாறிக் கேட்டன.

இரண்டாம் நாள்: பச்சை போய் சாம்பல் வந்தது

காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சை இல்லை! பாசி செத்து, தண்ணீர் சாம்பல் நிறமாகிக் கலங்கிக் கிடந்தது. "நேத்தைக்கே பரவால்லபோல" என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே கையில் பிரஷைக் கொடுத்தார். சுவர், மூலை, ஏணிக்குப் பின்பக்கம் எல்லாம் தேய்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் பாசிக்கு மருந்து எட்டாது. ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிட்டது.

அவர் மணல் வடிகட்டியைக் கவனித்தார். தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவதை 'பேக்வாஷ்' என்கிறார்கள். வெளியேறும் குழாயில் சிறு கண்ணாடி இருக்கிறது. அதில் தண்ணீர் தெளிவாகத் தெரியும்வரை விட்டு, உடனே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடமும் குடம் குடமாகத் தண்ணீர் போகும். வெளியேறியது தென்னை மூட்டுக்குப் பக்கத்தில் வெட்டிய குழியில் போய் விழுந்தது.

பிறகு குனிந்து, அடியில் உறிஞ்சுகுழாயின் மூடியைக் கையால் அசைத்து அசைத்துப் பார்த்தார். உப்புக் காற்றில் துருப்பிடித்த ஒரு திருகாணியை மாற்றினார். "எல்லாரும் பாசியத்தான் பாப்பாங்க. ஆளக் கொல்லுறது இந்த மூடிதான். இது கழன்டிருந்தா பொம்பளப் பிள்ளைங்க முடிய இழுத்துப் பிடிச்சிரும். மோட்டார் நிக்கிற வரைக்கும் விடாது."

சிரிக்காமல் அவர் பேசியதை அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

அந்தக் கதை

மத்தியானம் தோழி என்னைக் கரைக்குக் கூட்டிப்போனாள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஃபைபர் நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் இங்கே கரை சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. பையன்கள் அலையில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். பெண் பிள்ளைகள் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒம்பது வயசு இருக்கும்" என்று ஆரம்பித்தாள். "அதோ அந்த இடத்துலதான். கால் நனைக்கத்தான் நின்னேன். ஒரு அலை இழுத்துட்டுப் போயிட்டு. வலை இழுத்துட்டு இருந்த ஒரு மாமா பாய்ஞ்சு முடியப் பிடிச்சுத் தூக்கினாங்க. அப்பா அப்போ எங்கேயோ நடுக்கடல்ல இருந்தாங்க. பத்து நாள் கழிச்சுதான் போன்ல சொன்னோம்."

அவள் தாத்தா சங்கு குளித்தவர். அப்பா முப்பது வருடம் கடலில் கிடந்தவர். அந்த வீட்டுப் பெண் கணுக்கால் தண்ணீரில் மூழ்கப் பார்த்திருக்கிறாள். ஆண்பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தராமலே நீச்சல் வந்துவிடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு, 'கரையிலேயே நில்லு' என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005-ல் வெளியிட்ட அறிக்கை, கடலூரில் ஆண்கள் 146 பேரும் பெண்கள் 391 பேரும் இறந்ததாகச் சொல்கிறது. ஆண்கள் கடலில் இருந்ததும், பெண்கள் கரையிலும் வீட்டிலும் பிள்ளைகளோடு இருந்ததும் காரணங்கள். இலங்கையில் நீச்சலும் மரமேறுவதும் பையன்களுக்கு மட்டுமே பழக்கப்படுவதையும் அதே அறிக்கை குறிப்பிடுகிறது. உலகம் முழுக்க 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுகூட ஆகாத குழந்தை.

கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் அப்பா செய்த முதல் செலவு இந்தத் தொட்டிதானாம். "மாடியில ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விடுய்யான்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. நான் மண்ணைத் தோண்டுனேன்" என்றார். மகள் கற்றுக்கொண்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தது. அப்புறம் தெரு வந்தது. இப்போது காலை ஏழு முதல் எட்டு வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும். தோழி லீவில் வந்தால் அவள்தான் வாத்தியார். ஒரு பைசா வாங்குவதில்லை.

அன்றிரவு படிகாரம். அரைக் கிலோவுக்குள் எடுத்துக் கரைத்து ஊற்றி, சிறிது நேரம் சுழலவிட்டு மோட்டாரை நிறுத்தினார்கள். செத்த பாசித் தூளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி அடியில் உட்காரவைக்கும் வேலை அதனுடையது. "எங்க காலத்துல தேத்தாங்கொட்டைதான். பானைக்குள்ள உரசிட்டு கலங்கல் தண்ணிய ஊத்துவோம். விடியக்காலையில கண்ணாடியா நிக்கும்" என்றார் ஆச்சி. தேற்றுதல் என்ற சொல்லுக்கு, கலங்கியதைத் தெளியவைப்பது என்றும் பொருள், அழுகிறவர்களை ஆறுதல்படுத்துவது என்றும் பொருள். இரண்டையும் அவசரப்பட்டுச் செய்ய முடியாது.

மூன்றாம் நாள்: தேரி மண்ணும் நாழிக்கிணறும்

விடிவதற்குள் எழுந்துவிட்டோம். அடியில் விரலளவு வண்டல். காலை வைத்தால் மறுபடி கலங்கிவிடும் என்பதால் மேலே நின்றபடியே, நீளக் குழாயில் மாட்டிய உறிஞ்சியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். வடிகட்டி வழியாக விடாமல், வண்டலை நேராக வெளியே தள்ளினார். வெளியே வந்தது சிவப்பாக இருந்தது!

"தேரி மண்ணு" என்றார். உடன்குடிப் பக்கம் குதிரைமொழித் தேரி என்று சிவப்பு மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும்போது அந்த மண் எந்த மூடிக்கு அடியிலும் நுழைந்துவிடுமாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதும் கச்சான் கிளம்புவதும் ஒன்றாக வருவதால், தொட்டியை மூடுவதும் அப்போதுதான்.

மறுபடி மோட்டார் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, அந்த இடைவெளியில் திருச்செந்தூர் போய் வந்தோம். வந்த வேலையும் ஆகவேண்டுமே! கோயிலுக்குத் தெற்கே, கடலுக்கு மிக அருகில் நாழிக்கிணறு. பக்தர்கள் கடலில் மூழ்கி எழுந்து, அந்த ஈரத்தோடு இங்கே வந்து படியிறங்கி நல்ல தண்ணீரில் குளிக்கிறார்கள். கீழே ஏறக்குறைய ஓரடிச் சதுரமே உள்ள சிறு ஊற்று. மொள்ள மொள்ளச் சுரக்கிறது. சூரனோடு போர் முடிந்தபின் தன் படையின் தாகம் தீர்க்க முருகன் வேலால் குத்தி உண்டாக்கியது என்பது தலபுராணம்.

இத்தனை முறை திருச்செந்தூர் வந்திருக்கிறேன். இந்தமுறைதான் அந்தத் தண்ணீரை வேறு கண்ணால் பார்த்தேன். உப்புக்கு மேலே மிதக்கும் அந்த மெல்லிய நல்ல தண்ணீர், நம் கைக்கு எட்டுகிற இடம் இது. நாழி அளவே சுரக்கட்டும் என்று விட்டுவைத்ததால் இன்னும் இனிக்கிறது. இதே இடத்தில் பத்துக் குதிரைசக்தி மோட்டாரை இறக்கியிருந்தால்?

போனில் குறித்துக்கொண்டவை

திரும்பும் வழியில் அப்பா சொன்னதை எல்லாம் போனில் தட்டிக்கொண்டேன். வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், லீவுக்குப் பண்ணை வீடு, ரிசார்ட் என்று குளம் தேடிப் போகிறவர்களுக்கும் சேர்த்துத் தருகிறேன்.

- பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒரே வாளியையும் பயன்படுத்தாதீர்கள். குளோரின் வாயு வெளியேறி மூச்சை அடைக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்கக் கூடாது.

- மூடிய நிலத்தடித் தொட்டி, மோட்டார்க் குழி எதிலும் தனியாக இறங்காதீர்கள். விஷவாயு தேங்கியிருக்கலாம். மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பதில்தான் இரண்டாவது உயிர் போகிறது.

- முதல் நாள் மருந்துக்குப் பிறகு, குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை யாரும் குளிக்கக் கூடாது. திறந்திருக்கும் நாள்களில் 1 முதல் 3 வரை இருக்க வேண்டும்.

- குளோரின் நெடி கண்ணை எரித்தால், 'நல்லா மருந்து போட்டிருக்காங்க' என்று அர்த்தமில்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்தால்தான் அந்த நெடி. இறங்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு இறங்குங்கள்.

- வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா, மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடியது. அரிய நோய்தான், ஆனால் உயிர்க்கொல்லி. கேரளத்தில் 2024, 2025-ல் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. கிணறுகளிலும் குளங்களிலும் குளோரின் போடும் இயக்கத்தையே அந்த அரசு நடத்தியது. 2024-ல் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையும் நீச்சல் குளங்களைச் சுத்தமாக வைக்க அறிவுறுத்தியது. சரியான அளவு குளோரின் இருந்தால் இந்த அமீபா பிழைக்காது. பச்சையாகக் கிடக்கும் எந்தக் குளத்திலும் பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள்.

- மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது. சத்தமே இல்லாமல் போய்விடும். குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவரின் இரண்டு கண்ணும் அவர்கள் மீது இருக்கவேண்டும். கையில் போன் கூடாது.

நான்காம் நாள்: சங்கு

காலை ஆறரைக்கே வேலிக்கு வெளியே பிள்ளைகள் வரிசை. மூத்ததற்குப் பதினாலு வயது இருக்கலாம். கடைசியாக நின்றதற்கு ஏழு.

அப்பா கடைசியாகக் குளோரினைச் சோதித்தார். 2. பி.ஹெச். 7.4. அட்டையை ஆச்சியிடம் காட்டினார். ஆச்சி அதைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய் ஒரு சங்கை எடுத்துவந்தார். கையகல வெள்ளைச் சங்கு. அவருடைய மாமனார் கடலடியிலிருந்து எடுத்துவந்ததாம். மேலே மெல்லிய வரிகள் ஓடின.

தொட்டியின் ஓரத்தில் குனிந்து, அதை மெதுவாகத் தண்ணீரில் விட்டார். ஆடி ஆடி அடியில் போய் உட்கார்ந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

"வரி தெரியுதாட்டி?" என்றார் ஆச்சி, வரிசையில் முதலில் நின்றவளிடம்.

"தெரியுது ஆச்சி!"

"எத்தன?"

அவள் எண்ணத் தொடங்கினாள். ஆச்சி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

இந்த வீட்டில் அதுதான் கடைசிச் சோதனை. நாலடி ஆழத்தில் சங்கின் வரி தெரியாவிட்டால் பூட்டு திறக்காது. ஆச்சியின் சோதனை உலகம் முழுக்க உள்ள பாதுகாப்பு விதியோடு அப்படியே பொருந்துகிறது. அடித்தளம் தெளிவாகத் தெரியாத குளத்தில், மூழ்கிக் கிடக்கிற பிள்ளையும் தெரியாது.

அடுத்த ஒரு மணி நேரம் அங்கே கேட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தோழி நடுவில் நின்று, ஏழு வயதுக்காரியின் வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்து மிதக்கவிட்டாள். பெரிய பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சங்கை எடுக்கப் போனார்கள். எடுத்துவந்தவள் அதை மறுபடி போட வேண்டும். அடுத்தவள் எடுக்க வேண்டும். தாத்தாக்கள் செய்த தொழிலைப் பேத்திகள் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு அம்மாக்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ என்ன கரையில நின்னு போட்டோ எடுத்துட்டே இருக்க? இறங்கு" என்றாள் தோழி.

"நான் கட்டுரை எழுத வந்தவ."

"இருபத்திரண்டு வயசுல நான் இறங்கலையா? உனக்கு என்ன, இருபத்தஞ்சுதானே?"

போனை ஆச்சியிடம் கொடுத்தேன். ஏணியில் கால் வைத்தேன். தண்ணீர் நெஞ்சுவரை வந்ததும் பயம் வந்தது. சிரித்து மறைக்கப் பார்த்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. பதினாலு வயதுக்காரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மூச்ச இழுத்துக்கோங்க. கண்ணத் திறந்தே குனிங்க. சங்கப் பாருங்க. நான் விடமாட்டேன்."

குனிந்தேன். ஒரு நொடியா, இரண்டு நொடியா தெரியாது. காதில் சத்தம் நின்றுபோனது. கீழே வெள்ளையாகச் சங்கு. வரி தெரிந்தது. எண்ணுவதற்குள் மூச்சு முட்டி எழுந்துவிட்டேன்.

அவள் என் கையை விட்டிருக்கவில்லை.

எப்படிப் போகலாம்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பேருந்துகள் நிறைய உண்டு. சென்னையிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸில் நேராக வரலாம். அருகிலுள்ள விமான நிலையம் தூத்துக்குடி வாகைக்குளம். திருச்செந்தூரிலிருந்து ஆலந்தலைக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். ஆலயத்தையும் கரையையும் பார்த்துவிட்டு, தெற்கே குலசேகரன்பட்டினம், மணப்பாடு என்று ஒரே நாளில் போய் வரலாம். கோடையில் போனால் பதநீரும், உடன்குடிக் கருப்பட்டியும் தவறவிடாதீர்கள்.

கடலில் இறங்குவதற்கு முன் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். எந்த இடத்தில் இழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.